இன்று ராம்சேக்குப் போகவில்லை

வேல்ஸின் தென்மேற்கு மூலையில் இருக்கும் பெம்ப்ரோக்‌ஷயர் கடற்கரையில் எட்டுப் பேர் கொண்ட சிறு குழுவாக ஆறு நாள் நடந்ததையும் கயாக் வலித்ததையும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கே: பணம் கட்டிப் போன இடத்தில் வழிகாட்டி ‘இன்று கடல் வேண்டாம்’ என்றால் கோபம் வராதா? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: வந்தது. மூன்றாம் நாள் ராம்சே தீவுக்குக் கடப்பதாகத் திட்டம். கரையில் நின்றால் தீவு கண்ணுக்கு நேரே தெரிகிறது. இடையில் ஒரு கிலோமீட்டர் சொச்சம் தண்ணீர். நல்ல வெயில். வெட்சூட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பி நிற்கிறோம். வழிகாட்டிப் பெண்மணி வந்து, “இன்று ராம்சேக்குப் போகவில்லை. ஷூ மாட்டுங்கள், நடப்போம்” என்றார். எனக்கு முகம் வாடிவிட்டது.

செயின்ட் ஜஸ்டினியன் என்ற இடத்தில் பாறை விளிம்பில் எங்களை நிறுத்தி, கீழே ஒன்றைக் காட்டினார். கடலடியில் வைத்த நண்டுக் கூண்டுக்கு அடையாளமாக மீனவர்கள் கட்டிவிடும் மிதவை அது. ஆரஞ்சு நிறம், சின்னப் பறங்கிக்காய் அளவு. கயிறு விறைத்து, மிதவை பக்கவாட்டில் சாய்ந்து, பாதி உடம்பு நீருக்குள் அமுங்கிக் கிடந்தது. பின்னால் வால்போல நுரை. பார்வைக்கு மிதவைதான் தெற்கே ஓடுவதுபோல இருந்தது. உண்மையில் ஓடியது தண்ணீர், வடக்கு நோக்கி. “அந்த மிதவை இருக்கிற இடத்தில் உங்கள் கயாக்கை வைத்துப் பாருங்கள்” என்றார்.

அன்று பௌர்ணமிக்கு மறுநாள். ஓதம் பெரிது, நீரோட்டமும் பெரிது. காற்று வடக்கிலிருந்து. நீர் ஒரு பக்கம் போக, காற்று எதிர்ப்பக்கம் வீசினால் அலை குறுகிச் செங்குத்தாக எழும்; படகுக்குப் பொல்லாத நேரம் அதுதான். தீவோரம் ‘பிட்சஸ்’ என்ற பாறை வரிசை நீரிணைக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் மேல் தண்ணீர் வெள்ளையாய்ச் சரிந்து விழுந்தது, ஆற்று மதகைத் திறந்துவிட்டாற்போல. 1910 அக்டோபரில் ஒரு கப்பலின் மாலுமிகளைக் காப்பாற்றப் போன செயின்ட் டேவிட்ஸ் உயிர்காப்புப் படகு ‘ஜெம்’ உடைந்தது இந்தப் பாறைகளில்தான். படகுக்காரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் இந்த நீரை அறிந்தே வளர்ந்தவர்கள்.

பாறை மேல் நின்று பத்து நிமிடம் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது. சிறு குழுப் பயணத்தில் நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்றால், என் கணக்கில், ‘வேண்டாம்’ என்று நம் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்காத ஒருவருக்குத்தான்.

கே: கட்டிய பணம் திரும்பி வந்ததா? (அதே வாசகர்)

ப: இல்லை. கடல் நிகழ்ச்சிகள் வானிலையைப் பொறுத்தவை, மாற்று ஏற்பாடு தரப்படும் என்று முன்பே எழுத்தில் கொடுத்திருந்தார்கள், சொன்னபடி தந்தார்கள். அந்த வரி இருக்கிறதா என்று நீங்களும் பணம் கட்டும் முன் பாருங்கள். எந்த வானிலையிலும் கடலுக்கு அழைத்துப் போவோம் என்று யாராவது உறுதி கொடுத்தால் அங்கே போகாதீர்கள்.

கே: நீச்சல் தெரியாது. கயாக் ஏறலாமா? (கல்லூரி மாணவி, மதுரை)

ப: அமைதியான விரிகுடாவில், மிதவைச் சட்டையோடு, அரை நாள் ஏறலாம். ஆனால் படிவத்தில் ‘நீச்சல் தெரியும்’ என்று எழுதிவிட்டு மட்டும் ஏறாதீர்கள். வழிகாட்டி உங்களை எந்தப் படகில், யார் பக்கத்தில் வைப்பது என்று முடிவு செய்வது அந்த ஒரு வரியை நம்பித்தான்.

நீச்சலைவிட முக்கியம், தலை நீருக்குள் போனால் பதறாமல் இருப்பது. கடல் கயாக்கில் இடுப்பைச் சுற்றி ஒரு ரப்பர் பாவாடை கட்டுவார்கள். ஸ்ப்ரே டெக் என்று பெயர். அதன் விளிம்பைப் படகின் வாய்க்குப் பின்புறத்திலிருந்து தொடங்கி இரு பக்கமும் இழுத்து மாட்டினால் தண்ணீர் உள்ளே வராது. படகு கவிழ்ந்தால் முன்னால் குனிந்து, அதன் நுனியில் இருக்கும் வளையத்தை இழுக்க வேண்டும். பாவாடை கழன்று நாமும் வெளியே வந்துவிடுவோம். அந்த வளையம் மடிப்புக்குள் சிக்கிவிட்டால் ஆபத்து. எங்கள் வழிகாட்டி ஒவ்வொரு முறையும் படகைத் தள்ளிவிடும் முன், எட்டுப் பேரின் வளையத்தையும் தன் விரலால் தொட்டுப் பார்த்தார். ஆறாம் நாளும் தொட்டுப் பார்த்தார். முதல் நாள் கழுத்தளவு நீரில் ஆளுக்கு இரண்டு முறை கவிழ்ந்து பழகச் செய்த பிறகுதான் பயணமே.

கே: நம்மூர்க் கட்டுமரத்துக்கும் கயாக்குக்கும் என்ன வித்தியாசம்? (வாசகர், தூத்துக்குடி)

ப: ஒன்று நீரை உள்ளே விடும், மற்றது விடாது. கட்டுமரத்தில் மரங்களுக்கு இடையே தண்ணீர் ஏறி அப்படியே வடிந்துவிடும். நிரம்ப ஒரு குழி இல்லாததால் மூழ்க வழியில்லை. வெதுவெதுப்பான கடலுக்கும் கரையில் உடையும் அலைக்கும் பொருந்திய புத்தி அது. கயாக் ஆர்க்டிக் பகுதி இன்யூட் மக்களின் வேட்டைப் படகு. மரமே முளைக்காத ஊரில், கரை ஒதுங்கிய கட்டைகளால் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோலைப் போர்த்தித் தைத்தார்கள். அங்கே நனைந்தால் குளிரே ஆளைக் கொன்றுவிடும். அதனால் இடுப்புவரை மூடிய படகு. கட்டுமரம் என்ற சொல் கப்பலேறி ஆங்கிலத்துக்குப் போனதுபோல, கயாக் என்பதும் அவர்கள் மொழியிலிருந்து உலகத்துக்குப் போன சொல்தான்.

கே: தண்ணீர் எவ்வளவு குளிர்? (வாசகி, நாகப்பட்டினம்)

ப: செப்டம்பரில் 16 டிகிரி செல்சியஸ் அளவு. அங்கே ஆண்டின் உச்ச வெப்பமே அதுதான். நம் கடல் 28க்குப் பக்கம். முதல் நொடியில் மூச்சு தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு வேகவேகமாக வாங்கும். அந்த ஒரு நிமிடம் வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு, மூச்சு நிதானப்படும்வரை சும்மா மிதந்தாலே போதும். ஜீன்ஸ், பருத்தி பனியன் இரண்டும் வேண்டாம். நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

கே: ‘சிறு குழு’ என்று எல்லாரும் விளம்பரம் செய்கிறார்கள். எத்தனை பேர் என்றால் சிறு குழு? (பயணப் பிரியர், சேலம்)

ப: ‘எத்தனை பேர்’ என்று கேட்காதீர்கள். ‘ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், தரையில் எத்தனை, கடலில் எத்தனை’ என்று கேளுங்கள். கடல் கயாக்கில் ஒருவருக்கு ஆறு முதல் எட்டுப் பேர் என்பதே பிரிட்டனில் பெரும்பாலும் மேல்வரம்பு. கடல் முரடானால் அதுவும் குறையும். எங்கள் எட்டுப் பேருக்கு நிலத்தில் ஒருவர், நீரில் இருவர்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடற்கரையில், பதினான்கு பேருக்கு ஒரே வழிகாட்டி என்ற குழுவில் போனேன். அவர் முன்னால் நடந்தார். நான் கடைசி. ஷூ நாடாவைக் கட்டக் குனிந்து நிமிர்ந்தால் ஆள் அரவம் இல்லை, பாதை இரண்டாகப் பிரிகிறது. தவறான பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தேன். மாலை விடுதியில் தலை எண்ணும்போதுதான் ஒருவர் குறைவது தெரிந்ததாம். நான் அதற்குப் பிறகுதான் ஒரு விவசாயியின் வண்டியில் வந்து சேர்ந்தேன். பெம்ப்ரோக்‌ஷயர் வழிகாட்டி ஒவ்வொரு வேலிக் கதவிலும் நின்று, கடைசி ஆள் தாண்டிய பிறகே தானும் வந்தார். கடைசி ஆள் வந்ததும் உடனே கிளம்பவும் இல்லை. முன்னால் வந்தவர்கள் இளைப்பாறியிருப்பார்கள், வந்தவருக்கும் அது வேண்டும் அல்லவா?

கே: என் பதினைந்து வயது மகள் பள்ளிக் குழுவோடு இப்படி ஒரு முகாமுக்குப் போகக் கேட்கிறாள். அனுப்பலாமா? (லண்டன் வாழ் தாய்)

ப: அனுப்புங்கள். அதற்கு முன் உரிமத்தைக் கேளுங்கள். 1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் தென்கரையில், லைம் விரிகுடாவில், எட்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இரண்டு பயிற்சியாளர்களும் கயாக்கில் கிளம்பினார்கள். காற்று அவர்களை வெளிக்கடலுக்குத் தள்ளியது. உதவி கேட்டு அழைப்பு போகவே மணிக்கணக்கில் தாமதமானது. நான்கு பிள்ளைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் 1995இல் சட்டம் வந்தது: பெற்றோர் துணையில்லாத 18 வயதுக்குட்பட்டவர்களைப் பணம் வாங்கிக்கொண்டு கடல், மலை போன்ற ஆபத்தான இடங்களுக்கு அழைத்துப்போக உரிமம் கட்டாயம்.

கேட்க வேண்டியவை மூன்று. உரிமம் இருக்கிறதா? கடலில் வழிகாட்டியிடம் விஎச்எஃப் ரேடியோ இருக்குமா? எத்தனை மணிக்குத் திரும்பாவிட்டால், கரையில் யார் கடலோரக் காவல் படையை அழைப்பார்? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறாமல் நேரமும் ஆளும் சொல்கிறார்களா என்று கவனியுங்கள்.

கே: நானும் கணவரும் இரட்டைக் கயாக்கில் போனால் சண்டை வருமா? (வாசகி, திருச்சி)

ப: முன்னால் இருப்பவர் தாளம் போட, பின்னால் இருப்பவர் அதற்கேற்ப வலித்தால் வராது. சுக்கான் மிதி பின்னவர் காலில், வேகம் முன்னவர் கையில். யார் முன்னால் என்பதைக் கரையிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கே: கை வலிக்காதா? (வாசகர், ஈரோடு)

ப: கையால் வலித்தால் அரை மணியில் ஓய்ந்துவிடுவீர்கள். கால் மிதியில் பாதத்தை ஊன்றி, இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பி வலிக்க வேண்டும். மாலையில் தோள் வலித்தால் தப்பு. விலாப்பக்கம் வலித்தால் சரியாக வலித்திருக்கிறீர்கள்.

கே: அங்குள்ள கடற்கரைப் பாதை மொத்தத்தையும் நடந்தால் எவரெஸ்ட் ஏறியதைவிட அதிகம் என்கிறார்கள். நம்பலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ப: கூட்டிப் பார்த்தால் உண்மை. செயின்ட் டாக்மேல்ஸிலிருந்து ஆம்ராத்வரை 186 மைல், அதாவது 300 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 35,000 அடி என்று கணக்கு. இத்தனைக்கும் பாதையின் மிக உயர்ந்த இடம் 175 மீட்டர்தான். கடலுக்கு ஓடும் ஒவ்வொரு சிற்றோடையும் ஒரு பள்ளத்தாக்கை வெட்டிவைத்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். ஒரு நாளில் ஏழெட்டு முறை.

பாதை 1970இல் திறக்கப்பட்டது. வழியை ஆய்ந்து வகுத்தவர் ரொனால்ட் லாக்லி என்ற இயற்கை அறிஞர். ஸ்கோக்ஹோம் தீவில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து கடற்பறவைகளை ஆராய்ந்தவர். பாதை கடலை விட்டு விலகாமல் விளிம்போடு விளிம்பாகப் போவதைப் பார்க்கும்போது, பறவைகளைத் தேடி நடந்த மனிதரின் கால் தெரிகிறது.

கே: எனக்கு 58 வயது, முழங்கால் தேய்மானம். (வாசகி, புதுச்சேரி)

ப: ஏற்றத்துக்கு மூச்சு, இறக்கத்துக்கு முழங்கால். இரண்டு ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது அவற்றைச் சற்று நீட்டிப் பிடியுங்கள். கோடையில் கடலோரமாகச் சிறு பேருந்து ஓடுகிறது. பாதுகாப்பாக நிறுத்த முடிகிற இடத்தில் கை காட்டினால் நிற்கும். பாதி நடந்து மீதியைப் பேருந்தில் போவதில் ஒரு குறையும் இல்லை. எங்கள் குழுவில் 67 வயதுப் பெண்மணி ஒருவர் அப்படித்தான் வந்தார். கயாக்கில் எங்கள் எல்லாரையும்விட அவர்தான் திறமை.

கே: ஒரே கரையை நடந்தும் பார்த்து, கயாக்கிலும் பார்ப்பதில் என்ன இருக்கிறது? ஒன்று போதாதா? (வாசகர், கரூர்)

ப: எனக்கும் போகும்வரை இந்தச் சந்தேகம் இருந்தது. இரண்டாம் நாள் அபெரெய்டியிலிருந்து போர்த்கெய்ன்வரை இரண்டு மைல் நடந்தோம். நான்காம் நாள் அதே இரண்டு மைலைக் கயாக்கில் கடந்தோம்.

நடந்தபோது அபெரெய்டியில் ‘நீல ஏரி’யை மேலிருந்து பார்த்தேன். முன்பு அது பலகைக்கல் குவாரி. 1910இல் வேலை நின்ற பின் கடலுக்கும் குழிக்கும் நடுவே இருந்த பாறையை வெடிவைத்துப் பிளந்தார்கள். கடல் உள்ளே வந்துவிட்டது. மேலிருந்து அது அழகான நீலக் கிண்ணம். கயாக்கில் அந்தப் பிளவு வழியே நுழைந்தால் கதை வேறு. இரு பக்கமும் கறுத்த கல் சுவர். வெளியே இருந்த அலைச் சத்தம் பட்டென்று அடங்கியது. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர் சுவரில் பட்டு எதிரொலித்தது.

போர்த்கெய்னில் நடப்பவனுக்குக் கண்ணில் படுவது துறைமுகத்து ஓரமாக நிற்கும் ராட்சதச் செங்கல் தொட்டிகள். சாலைக்கு உடைத்த ஜல்லியை அவற்றில் கொட்டிவைத்து, கப்பலில் ஏற்றினார்கள். எதற்கு இவ்வளவு பெரிய தொட்டி என்று மேலே நிற்கும்போது புரியவில்லை. குறுகிய துறை வாய்க்குள் கயாக்கைத் திருப்பவே நான் பட்ட பாட்டில் புரிந்துவிட்டது. நல்ல நாள் பார்த்து வருகிற கப்பலைக் காக்கவைக்க முடியாது. சரக்கு முன்கூட்டியே தயாராக நிற்க வேண்டும்.

கே: மணலிலேயே நடந்து அடுத்த விரிகுடாவுக்குப் போய்விடலாமே, எதற்கு மேலே ஏறி இறங்க வேண்டும்? (வாசகர், கடலூர்)

ப: இந்த யோசனையால்தான் அங்கே பலர் பாறைக்கும் நீருக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். சென்னையில் பெரிய ஓதத்துக்கே ஏற்ற வற்ற வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். பெம்ப்ரோக்‌ஷயரின் மில்ஃபோர்ட் ஹேவனில் ஆறு மீட்டருக்கு மேல், இரண்டு மாடி உயரம்.

அது ஒரே சீராக ஏறுவதும் இல்லை. ஏறும் ஆறு மணி நேரத்தில், மொத்தத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்பது மாலுமிகளின் கைக்கணக்கு. ஆறு மீட்டர் என்றால் முதல் மணியில் அரை மீட்டர்தான் ஏறும்; நமக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம், நான்காம் மணிகளில் மட்டும் மூன்று மீட்டர். நீங்கள் சிப்பி பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே போன வழி காணாமல் போயிருக்கும். மாட்டிக்கொண்டால் 999 அழைத்து ‘கோஸ்ட்கார்டு’ என்று கேளுங்கள்.

கே: சைவச் சாப்பாடு கிடைக்குமா? (வாசகி, கும்பகோணம்)

ப: தாராளமாக. ஒரே ஓர் எச்சரிக்கை. லேவர்பிரெட் என்று ஒன்று தருவார்கள். பெயர்தான் ரொட்டி, உண்மையில் பாறையில் வளரும் கடற்பாசி. மணிக்கணக்கில் வேகவைத்துக் கரும்பச்சை விழுதாக்கி, ஓட்ஸ் மாவில் உருட்டிப் பொரிப்பார்கள். பாசி சைவம்தான், ஆனால் பொரிக்கிற கொழுப்பு பல வீடுகளில் பன்றியுடையது. கேட்டுவிட்டு, வெண்ணெயில் பொரித்துத் தரச் சொல்லுங்கள். வெல்ஷ் கேக் கல்லில் சுடும் உலர்திராட்சைப் பலகாரம். பையில் நான்கு போட்டுக்கொண்டால் மதியம்வரை தாங்கும்.

கே: எந்த மாதம் போகலாம்? (வாசகர், திருநெல்வேலி)

ப: பஃபின் பறவைகளைப் பார்க்க மே, ஜூன். ஜூலை முடிவதற்குள் அவை ஸ்கோமர் தீவைக் காலி செய்துவிட்டு நடுக்கடலுக்குப் போய்விடும். கடல் சற்றுச் சூடாக வேண்டும், கூட்டமும் வேண்டாம் என்றால் செப்டம்பர். ஆகஸ்டில் பள்ளி விடுமுறை, விடுதியே கிடைக்காது.

கே: கடல்நாய்களுக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுத்தீர்களா? (பள்ளி மாணவன், வேலூர்)

ப: இல்லை தம்பி. செப்டம்பரில் அவை குட்டி போடும். வெள்ளை மயிரோடு கூழாங்கல் கரையில் கிடக்கும் குட்டிக்குத் தாய் மூன்று வாரம்தான் பால் கொடுக்கும். அந்த மூன்று வாரத்துக்குள் குட்டி கொழுத்தாக வேண்டும். படகைப் பார்த்து மிரண்டு தாய் தண்ணீரில் குதித்தால் ஒரு வேளைப் பால் போயிற்று. குட்டி இருக்கும் கரைகளை விட்டு விலகியே போனோம். தொலைவிலிருந்து தலையை நீட்டி அவைதான் எங்களை வேடிக்கை பார்த்தன.

கே: அங்கே என்ன மொழி? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: பெம்ப்ரோக்‌ஷயரின் வடபகுதியில் வெல்ஷ் நன்றாகப் புழங்குகிறது. தென்பகுதியில் பல நூற்றாண்டாக ஆங்கிலமே. சாலையில் ‘அராவ்’ என்று பெரிதாக எழுதியிருக்கும்; மெதுவாகப் போ என்று பொருள். ‘போர்த்’ என்றால் துறை, ‘அபெர்’ என்றால் ஆறு கடலில் கலக்கும் இடம், ‘பென்’ என்றால் முனை. நான்கு ஊர்ப் பெயர் படித்தால் வரைபடமே இல்லாமல் கரை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். நம் ஊர்த் துறைகளும் முனைகளும்போல.

கே: கடைசியில் ராம்சேக்குப் போனீர்களா, இல்லையா? (ஐந்து பேர், ஐந்து ஊர்களிலிருந்து)

ப: ஆறாம் நாள் முற்பகல். பௌர்ணமி தள்ளிப்போய் ஓதம் சுருங்கியிருந்தது, காற்றும் விழுந்திருந்தது. இருந்தும் உடனே தள்ளிவிடவில்லை. அந்த நீரிணையில் ஓட்டம் நின்று திரும்பும் நேரமும் கரையில் நீர் உச்சம் தொடும் நேரமும் ஒன்றல்ல. சில மணி நேரம் முன்பின். எட்டுக் கயாக்கையும் ஒதுக்கமான நீரில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் காத்திருந்தோம். வழிகாட்டி கடிகாரத்தை ஒரு முறை பார்த்தார். மற்ற நேரமெல்லாம் அவர் பார்த்தது ஆரஞ்சு மிதவையை. முதலில் அதன் நுரை வால் சுருங்கியது. பிறகு கயிறு தளர்ந்தது. மிதவை மெல்ல நிமிர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, நேராக நின்றது.

“இப்போது” என்றார். வலித்தோம்.

தீவில் இறங்கவில்லை, பாறை நிழலில் ஐந்து நிமிடம் மிதந்துவிட்டுத் திரும்பினோம். திரும்பும்போது மிதவை மறுபக்கம் சாயத் தொடங்கியிருந்தது.